ஜெயித்த குதிரைக்குப் பாதிக் காசு

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது நகைச்சீட்டு, வாடகை முன்பணம், பென்ஷன் பிடித்தம் பற்றிய கேள்விகள்தான். போன மாதம் ஒரு வாசகருக்கு, ரேஸில் ஜெயித்த பணத்துக்கு நூற்றுக்கு 30 வரி உண்டு என்று நாலு வரியில் பதில் எழுதினேன். ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு நடுவே, ரேஸ் நாட்களில் கிண்டியில் டோட் (ரேஸ் கிளப்பே நடத்துகிற பந்தயம்) ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவன் நான் என்பதையும் அதில் சொல்லித் தொலைத்திருந்தேன். அப்புறம் தபாலில் வந்ததெல்லாம் குதிரைதான். சரி, இந்த இதழ் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், பெரம்பூர்: கிண்டியை மூடியதிலிருந்து பெங்களூர் போய் வருகிறேன். என் குதிரையும் இன்னொன்றும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டன. ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு டெட் ஹீட் என்றார்கள். 30 ரூபாய் வரவேண்டிய டிக்கெட்டுக்கு 15 ரூபாய்தான் கொடுத்தார்கள். என் குதிரை என்ன பாதி தூரமா ஓடியது? இது எந்த ஊர் நியாயம்?

கிண்டி நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்ட பிறகு உங்களைப் போல ரயில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். ரயில் காசும் போய், ஜெயித்த டிக்கெட்டும் பாதியானால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்.

டோட்டில் உங்களுக்கு எதிரே ரேஸ் கிளப் உட்கார்ந்திருக்கவில்லை. மற்ற டிக்கெட்காரர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லே தொடங்கிவைத்த முறை இது. எல்லோரும் போட்ட பணம் ஒரே பூலில் சேரும், நடத்துகிறவரின் கழிவை முதலில் எடுப்பார்கள், மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பங்கு போடுவார்கள்.

கழிவு போக 90,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குதிரை மேல் விழுந்தது 30,000. அது தனியாக ஜெயித்திருந்தால் 10 ரூபாய்க்கு 30. கூட ஓடி வந்த குதிரை மேல் வெறும் 5,000 விழுந்திருந்தால், அது தனியாக ஜெயித்தால் 10 ரூபாய்க்கு 180. இரண்டும் ஜெயித்துவிட்டன, பணமோ அதே 90,000. ஆளுக்கு 45,000 என்று பிரித்தால் உங்களுக்கு 15, அவர்களுக்கு 90. உங்களுக்கு முழு 30 கொடுத்தால் பூலே காலி. எதிர்ப்பக்கத்து ஆள் கையில் இருப்பதும் ஜெயித்த டிக்கெட்தானே, அவருக்கு என்ன சொல்வது?

தன் கைக்காசில் பந்தயம் ஏற்கிற புக்மேக்கரிடம் போட்டிருந்தால் கணக்கு வேறு மாதிரி. பந்தயத்தில் பாதி ஜெயித்தது, பாதி தோற்றது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுக்கு ஐந்து என்ற ஆட்ஸில், அதாவது ஒரு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் லாபம் என்ற விலையில், 100 ரூபாய் கட்டியிருந்தால் 50 ரூபாய் போய்விடும், மிச்சம் 50 முழு ஆட்ஸில் ஜெயித்து 300-ஆகத் திரும்பும். இதில் வேடிக்கை, ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்புகிற ஃபேவரிட்டில்தான். 100 கட்டினால் லாபம் 50 மட்டும் தருகிற பலத்த ஃபேவரிட் மேல் 100 போட்டீர்கள், டெட் ஹீட் ஆனது. 50 போச்சு, மிச்சம் 50-க்கு 75 வந்தது. குதிரை ஜெயித்திருக்கிறது, உங்களுக்கு 25 நஷ்டம். ஜன்னலில் நின்று இதை விளக்கிப் பாருங்கள், அடிக்க வராதது பாக்கி.

முதல் சில இடங்களில் வந்தாலே காசு தருகிற பிளேஸ் பந்தயத்துக்கு இந்தப் பாதிக் கணக்கு எல்லா நேரமும் வராது. மூன்று இடங்களுக்குக் காசு என்றால், புக்மேக்கர் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருவர் சமமாக வந்தாலும் குறைப்பு இல்லை. அவர்கள்தான் இரண்டும் மூன்றும். மூன்றாம் இடத்தில் சமமாக வந்தால்தான் பாதி.

டெட் ஹீட் விதியை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிகிற விதி என்பதால் எல்லோரும் இதைப் பார்த்துக் கத்துகிறார்கள். கத்த வேண்டிய விதிகள் வேறு இருக்கின்றன.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தஞ்சாவூர்: ரேஸ் ஆடியதில்லை, பேப்பரில் முடிவுகளை மட்டும் பார்ப்பேன். டோட் தொகை 10 ரூபாய்க்கு 23, 12, 15 என்று எப்போதும் முழு ரூபாயாகவே போடுகிறார்கள். வகுத்தால் இவ்வளவு அழகாக வர வாய்ப்பே இல்லையே. மீதி எங்கே போகிறது?

ஐயா, ரேஸுக்கே போகாத நீங்கள் கேட்டதை, சனிக்கிழமை தவறாமல் வந்தவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அதற்கு பிரேக்கேஜ் என்று பெயர். வகுத்து வந்ததைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கிவிடுவார்கள். 13.90 வந்தால் 13. 13.10 வந்தாலும் 13. பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றுவது என்றால் பாதி நேரம் ஏறியிருக்க வேண்டும், பாதி நேரம் இறங்கியிருக்க வேண்டும். இது இறங்க மட்டும்தான் தெரிந்த கணக்கு. சில்லறை டிக்கெட்காரர் கைக்கு வராமல் நடத்துகிறவர் பக்கமே தங்கிவிடும்.

90 பைசாதானே என்று தோன்றும். 10 ரூபாய் போட்டவருக்கு 13.90 வந்தால் லாபம் 3.90. அதை 3 ஆக்கினால் லாபத்தில் நூற்றுக்கு 23 காணாமல் போகிறது. 183.90 வருகிற குதிரையிலும் அதே 90 பைசாதான் போகிறது, அங்கே அது லாபத்தில் ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஆகவே இந்த வெட்டு விழுவது ஃபேவரிட் மேல் போடுகிறவர் தலையில். பயந்து பயந்து சின்ன லாபத்துக்கு ஆடுகிற ஆளிடம்தான் அதிகம் பிடுங்குகிறது.

அமெரிக்காவில் இது இன்னும் மோசம். அங்கே வழக்கம், டாலருக்கு 10 சென்ட் படிகளாகக் கீழே இறக்குவது. 2 டாலர் டிக்கெட்டுக்கு 2.39 வரவேண்டும் என்றால் கையில் கிடைப்பது 2.20. லாபம் 39 சென்ட், தருவது 20. கென்டக்கி மாநிலம் 2022-ல் சட்டம் போட்டு இதை ஒரு சென்ட் படியாகக் குறைத்தது. குதிரைக்கே பேர்போன மாநிலத்துக்கு அது தோன்ற அத்தனை காலம் ஆயிற்று.

சில்லறை கொடுக்க முடியாத காலத்து வழக்கம் என்று சாக்கு சொல்வார்கள். கணக்குப் போட முடியாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற எஞ்சினியர் தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்காக ஒரு இயந்திரம் வடிவமைத்தார். அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதையே திருத்தி டோட் இயந்திரமாக்கினார். 1913-ல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நூறு வருடம் முன்பே கம்பியும் சக்கரமும் கூட்டிக் காட்டியதை, இன்றைய கம்ப்யூட்டருக்குப் பைசா வரை வகுக்கத் தெரியாதா?

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒரே குதிரை மேல் கொட்டி, அதுவும் ஜெயித்துவிட்டால், பங்கு போடப் பணமே போதாது. அப்போதும் அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் 2 டாலருக்குக் குறைந்தது 2.10 கொடுத்தே ஆகவேண்டும். பற்றாக்குறையை நடத்துகிறவர் கைக்காசிலிருந்து போடுவார். டிக்கெட்காரர் பக்கம் சாய்கிற விதி அது ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது.

சேலம் வாசகர்: டோட்டா, புக்கியா, எது நியாயமானது?

ஒரு உதாரணம் போதும். 1967 இங்கிலாந்து கிராண்ட் நேஷனல். 23-வது தடுப்பில் முன்னால் போன குதிரைகள் முட்டிமோதி நின்றுவிட்டன. எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னவோன் சந்தில் புகுந்து தாண்டி ஜெயித்துவிட்டது. புக்மேக்கர்கள் ஒன்றுக்கு 100 கொடுத்தார்கள். டோட் ஒன்றுக்கு 444 கொடுத்தது. அதே ரேஸ், அதே குதிரை. யாரும் சீண்டாத குதிரை என்றால் டோட் வாரிக் கொடுக்கும். புக்மேக்கரிடம் கட்டுகிறபோதே விலை தெரிந்துவிடும், டோட்டில் ஓடி முடித்த பிறகுதான் தெரியும். இதில் நியாயத்துக்கு வேலை இல்லை, உங்கள் சுபாவத்துக்குத்தான்.

டூட்டிங், லண்டனிலிருந்து ஒரு வாசகர்: இங்கே பெட்டிங் கடையில் எட்டுக் குதிரை ரேஸில் ஒன்றுக்கு 8 ஆட்ஸில் 10 பவுண்டு ஈச்-வே கட்டினேன், மொத்தம் 20 பவுண்டு. புறப்படும் இடத்துக் கதவுக்குள் போக மறுத்த ஃபேவரிட்டைக் கடைசி நிமிடத்தில் விலக்கிவிட்டார்கள். என் குதிரை மூன்றாவது வந்தது. ஒன்றும் கிடையாது என்கிறார்கள். என் மச்சான் ஒன்றுக்கு 5-ல் ஜெயித்த குதிரைக்கு 10 பவுண்டு போட்டிருந்தான். அவனுக்கு 60-க்குப் பதில் 40 தான் கொடுத்தார்கள். ரூல் ஃபோர் என்கிறார்கள். பணம் கட்டும்போது இருந்த விதியைப் பிறகு மாற்றலாமா?

உங்களுக்கும் மச்சானுக்கும் நடந்தது இரண்டு வேறு விதிகள். ஒன்று பரவாயில்லை, இன்னொன்று பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மச்சான் கணக்கு முதலில். பலமான குதிரை ஒன்று விலகினால் மற்ற எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. பழைய ஆட்ஸில் பணம் கட்டியவர் எளிதான ரேஸுக்குக் கடினமான ரேஸின் விலையை வாங்குகிறார். அதைச் சரிக்கட்டத்தான், அங்கே புக்மேக்கர்கள் பின்பற்றுகிற டாட்டர்சால்ஸ் விதிகளில் நாலாவது விதி, அதாவது ரூல் ஃபோர், இருக்கிறது. விலகிய குதிரையின் ஆட்ஸைப் பார்த்து, ஓர் அட்டவணைப்படி லாபத்தில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று கழிப்பார்கள். போட்ட முதலில் கை வைப்பதில்லை. மச்சானுக்குப் பிடித்தது பவுண்டுக்கு 40 பென்ஸ், 50 பவுண்டு லாபத்தில் 20. அப்படியென்றால் விலகிய ஃபேவரிட் 5/4-க்கும் 6/4-க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். 6/4 என்றால் 4 கட்டினால் 6 லாபம், அந்தக் குதிரை ஜெயிக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 40 என்று விலை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 40-க்கு 40, சரியாகப் போயிற்று.

அந்த அட்டவணையை முழுதாகப் பார்த்தால் படிகள் பெரும்பாலும் கட்டியவருக்குச் சாதகமாகவே இருக்கின்றன. சம ஆட்ஸ் குதிரையின் வாய்ப்பு 50, கழிப்பது 45. 5/2 குதிரைக்கு வாய்ப்பு 28-க்கு மேல், கழிப்பது 25. 14/1-க்கு மேற்பட்ட குதிரை விலகினால் கழிவே கிடையாது. புக்மேக்கர் போட்ட ஆட்ஸிலேயே அவருடைய லாபமும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கவில்லை, அதைக் கழித்துப் பார்த்தால் இந்தச் சாதகம் கரைந்துவிடும். ஆனாலும் அக்கிரமம் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்து ஆட்ஸைப் பிடித்துக்கொள்ளாமல், கடைசி விலைக்கு, அதாவது எஸ்.பி.க்குக் கட்டுகிறவருக்கு, மீதிக் குதிரைகளை வைத்துப் புது விலை உருவாக நேரம் இருந்தால் இந்தக் கழிவு வராது.

இப்போது உங்கள் கதை. ஈச்-வே என்றால் பாதிப் பணம் ஜெயிப்பதற்கு, பாதிப் பணம் இடம் பிடிப்பதற்கு. எட்டு அல்லது அதற்கு மேல் குதிரைகள் ஓடினால் பொதுவாக மூன்று இடங்கள், ஆட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு வரை ஓடினால் இரண்டே இடங்கள், நாலில் ஒரு பங்கு. எண்ணிக்கையைப் பணம் கட்டும்போது பார்ப்பதில்லை, ஓடும்போது பார்க்கிறார்கள். எட்டு ஏழானதும் மூன்றாம் இடம் என்பதே மறைந்துவிட்டது.

எண்ணிக்கை எட்டாகவே நின்றிருந்தால் உங்கள் இடத்துக்கான 10 பவுண்டு 26 ஆகியிருக்கும். ஃபேவரிட் விலகியதால் உங்களுக்கும் ரூல் ஃபோர் கழிவைப் போட்டு, மூன்று இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தால்கூட 19.60 வந்திருக்கும். கட்டிய 20 ஏறக்குறையக் கைக்கு வந்திருக்கும். குதிரை விலகியதற்கு ஒரு தரம் லாபத்தில் கழிக்கிறார்கள், அதே குதிரை விலகியதற்கு இன்னொரு தரம் இடத்தையே பறிக்கிறார்கள். ஒரே மரணத்துக்கு இரண்டு கருமாதிச் செலவு. கழிவைப் போடுங்கள், இடத்தை விடுங்கள், அல்லது இடத்தை எடுங்கள், கழிவை விடுங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

சரியாக எட்டுக் குதிரை ஓடுகிற ரேஸ்தான் ஈச்-வேக்கு நல்லது என்பது அங்கே பழைய ஆட்களின் கணக்கு. குறைந்த போட்டி, மூன்று இடம். ஒரே ஒரு குதிரை நொண்டினால் அந்தக் கணக்கு கவிழும். ஒன்பது, பத்து என்று கொஞ்சம் தாராளமாக இருக்கிற ரேஸாகப் பாருங்கள். கடை கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் ஐபாஸ் என்ற தீர்ப்பாயத்துக்கு எழுதலாம். விதியே இப்படி என்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

விலகிய குதிரையை வைத்துக் கடைக்காரர்களையே கவிழ்க்கப் பார்த்த கதையும் உண்டு. 1974 ஆகஸ்டில் கார்ட்மெல் என்ற சின்ன மைதானத்தில் கே ஃப்யூச்சர் என்ற குதிரை ஓடியது. ஒரு கூட்டம் அதை வேறு இரண்டு குதிரைகளோடு சேர்த்து டபுளும் டிரெபிளுமாக லண்டன் கடைகளில் கட்டியது. அந்த இரண்டையும் ஓடவிடாமல் விலக்கிவிட்டார்கள். கூட்டுப் பந்தயத்தில் ஒன்று விலகினால் மிச்சம் உள்ளதன் மேல் பணம் விழும் என்பது விதி. அத்தனையும் கே ஃப்யூச்சர் மேல் விழுந்தது, அது ஒன்றுக்கு 10-ல் ஜெயித்தது. பல கடைகள் காசு கொடுக்க மறுத்தன, வழக்கு நடந்து ஆட்களுக்கு அபராதமும் விழுந்தது. விதிப்படிதான் கட்டினார்கள் என்று நீங்கள் வாதாடலாம், நான் சிரிப்பேன்.

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்வந்த தந்தை, திருச்சி: 2021 கென்டக்கி டெர்பியில் மகன் மான்டலூன் மேல் பணம் கட்டினான். மெடீனா ஸ்பிரிட் முதலில் வந்தது, இது இரண்டாவது. பிறகு மருந்து சோதனையில் சிக்கி மெடீனா ஸ்பிரிட்டின் வெற்றி பறிபோனது. மான்டலூன்தான் ஜெயித்தது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் டிக்கெட்டுக்கு ஏன் காசு தரவில்லை?

ரேஸ் நடந்தது 2021 மே 1. பீட்டாமெத்தசோன் என்ற மருந்துக்காக வெற்றியை ரத்து செய்து தீர்ப்பு வந்தது 2022 பிப்ரவரியில். இடையில் மெடீனா ஸ்பிரிட் செத்தே போய்விட்டது. டிக்கெட் காசோ ரேஸ் முடிந்த அன்றே பட்டுவாடா ஆகிவிட்டது. முடிவு அதிகாரபூர்வம் என்று போர்டில் விழுந்த நொடியில் டிக்கெட் கணக்கு முடிந்தது. பிறகு வருகிற எந்தத் தீர்ப்பும் அதைத் தொடாது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு அதே டெர்பியில் மேக்ஸிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது, குறுக்கே புகுந்ததாகச் சொல்லி இருபது நிமிடத்துக்கு மேல் படம் பார்த்துவிட்டு இறக்கினார்கள். போர்டில் முடிவு விழுவதற்கு முன்பு இறக்கியதால், ஒன்றுக்கு 65-ல் ஓடிய கன்ட்ரி ஹவுஸுக்கு 2 டாலருக்கு 132.40 கொடுத்தார்கள். உங்கள் மகனுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம், தப்பு எப்போது தெரிந்தது என்பது மட்டும்தான்.

இதில் என்னால் உங்கள் பக்கம் முழுசாக நிற்க முடியவில்லை. மெடீனா ஸ்பிரிட் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை ஒன்பது மாதம் கழித்து யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? தோற்றது என்று கிழித்துப் போட்ட மான்டலூன் டிக்கெட்டுகளை எந்தக் குப்பையில் தேடுவது? எனக்கு உறுத்துவது வேறு. குதிரைச் சொந்தக்காரர்களின் பரிசுப் பணத்தை மட்டும் புதுத் தீர்ப்புப்படி திருத்திப் பிரிக்கிறார்கள். சொந்தக்காரருக்கு ஒரு முடிவு, டிக்கெட்காரருக்கு ஒரு முடிவு, ரேஸ் ஒன்றுதான். மருந்து கொடுத்தவர் கட்டுகிற அபராதத்தை அடுத்த வருட டெர்பி பூலில் போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. செய்ய மாட்டார்கள், சொல்லிவைக்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: ஜாக்பாட்டில் 50,000 ஜெயித்தேன். கையில் கொடுத்தது 35,000. அந்த சீசன் முழுக்க டிக்கெட்டுக்கு மட்டும் 80,000 செலவழித்திருக்கிறேன். மொத்தத்தில் நஷ்டத்தில் இருக்கிற ஆளுக்கு வரியா? ரிட்டர்ன் போட்டால் திரும்ப வருமா?

வராது. போன மாதம் நாலு வரியில் விட்டதை இப்போது முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் உண்மையான அநியாயம் இதுதான்.

1961 வருமான வரிச் சட்டத்தில் 115பிபி பிரிவு, ரேஸ் வருமானத்துக்குத் தட்டையாக 30 சதவீதம் என்றது. மேல்வரி 4 சதவீதம் சேர்ந்தால் உங்கள் 15,000-க்கு மேல் இன்னும் 600 கட்ட வேண்டும். வேறு வருமானமே இல்லாத ஆளாக இருந்தாலும் அடிப்படை விலக்கு வரம்பு இந்தப் பணத்துக்குக் கிடையாது. எல்.ஐ.சி., பி.எஃப். கழிவுகளும் கிடையாது. 58-வது பிரிவின் நாலாவது உட்பிரிவு, இந்த வருமானத்தை ஈட்ட ஆன செலவு எதையும் கழிக்கக்கூடாது என்றது. தோற்ற டிக்கெட்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் அதிகாரி பிரித்துப் பார்க்க மாட்டார். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் வந்ததில் பிரிவு எண்கள் மாறின, இந்தக் கொள்கை மாறவில்லை.

அந்த 1961 சட்டத்திலேயே 74ஏ பிரிவைப் பாருங்கள். ரேஸ் குதிரை வாங்கி வளர்க்கிற சொந்தக்காரருக்கு அந்தத் தொழிலில் நஷ்டம் வந்தால், நாலு வருடம் வரை எடுத்துச் சென்று அதே தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். குதிரை வைத்திருப்பவருக்கு நஷ்டம் என்று ஒன்று உண்டு. அந்தக் குதிரையை நம்பியவருக்கு லாபம் மட்டும்தான் உண்டு, சட்டத்தின் கண்ணில்.

மற்ற ஊர்களில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் ஜெயித்த ஆளிடம் வரியே கேட்பதில்லை. அமெரிக்காவில் ஜெயித்த தொகை அளவுக்கு நஷ்டத்தைக் கழிக்க விட்டார்கள். 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கணக்கில் சேரும் என்று மாற்றியதற்கே அங்கே பெரிய கூச்சல். நமக்கு அந்த 90 பூஜ்யம்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 ஏப்ரல் முதல், ஒரே தடவையில் 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால்தான் டி.டி.எஸ். பிடிப்பார்கள். அதற்கு முன்பு வருடக் கூட்டுத்தொகையைப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 9,000 ஜெயித்து முழுசாக வாங்கி வந்தாலும் அதை ரிட்டர்னில் காட்டித்தான் ஆகவேண்டும்.

சென்னை வாசகர்: தெரிந்த ஆளிடம் போனில் பந்தயம் கட்டினேன். ஜெயித்தேன், தர மாட்டேன் என்கிறான். கோர்ட்டுக்குப் போகலாமா?

போகாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணத்துக்காக வழக்குப் போட முடியாது. அதிலேயே குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்காகச் சந்தா கொடுப்பது செல்லும். அது ஜெயித்த குதிரைக்கான பரிசு, உங்கள் டிக்கெட்டுக்கு இல்லை. குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் கிண்டி வழக்கில் சொன்னது ரேஸைக் காப்பாற்றியது. லைசென்ஸ் இல்லாத ஆளிடம் போனில் கட்டிய உங்களை அது காப்பாற்றாது. புகார் கொடுத்தால் முதலில் கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான். இங்கிலாந்திலேயே 1845-ல் தொடங்கி 2007 வரை பந்தயக் காசுக்கு வழக்குப் போட முடியாமல்தான் இருந்தது.

அம்பத்தூர் வாசகி: என் வீட்டுக்காரர் ரேஸுக்குப் போகிறார். குடிப்பதில்லை, கடன் வாங்குவதில்லை, கையில் 1,000 ரூபாய் எடுத்துப் போவார். இன்றைக்குப் போனால் நாளைக்கு வரும், சராசரியில் சரியாகிவிடும் என்கிறார். நான் கணக்கில் மட்டம். அவர் சொல்வது சரியா?

அம்மா, சராசரியில் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

டோட் கழிவு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரரும் இல்லை, மோசமும் இல்லை. 1,000-ஐயும் ஒரு ரேஸில் போட்டுத் திரும்ப வருவதை அடுத்ததில் போடுகிறார். சராசரியாக முதல் ரேஸ் முடிந்ததும் 800. அப்புறம் 640, 512, 410. ஐந்தாவது முடிந்தால் 328. எந்தக் குதிரையும் ஏமாற்றவில்லை, யாரும் திருடவில்லை. சில்லறை வெட்டையும் நான் சேர்க்கவில்லை.

இதன் மேல் ஜி.எஸ்.டி. முன்பு 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40. கிளப்பின் கழிவுக்கு மட்டும் இல்லை, பந்தயத்தின் முழு மதிப்புக்கும். 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கமிஷனுக்கு மட்டும்தான் வரி என்றது, 2023-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். இந்த வரி முழுசும் டிக்கெட் வாங்குகிறவர் தலையில் விழுந்தால், அவர் கையிலுள்ள 1,000-ல் 714 தான் பந்தயம், 286 வரி. அந்த 714 கழிவு போய்ச் சராசரியாக 571 ஆகத் திரும்பும். அதை மறுபடி போட்டால் 327. முன்பு ஐந்து ரேஸில் கரைந்த பணம் இப்போது இரண்டே ரேஸில் கரைகிறது. ஜெயித்த நாளின் 30 சதவீதம் இதில் சேரவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, ஜெயித்த நாள் நினைவில் நிற்கும், தோற்ற நாள் மறந்துவிடும், ரேஸுக்குப் போகிற எல்லோருக்கும் அப்படித்தான். நாளை முதல் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். எடுத்துப் போனது, கொண்டுவந்தது. ரயில் டிக்கெட்டும் முதல் பத்தியில் வரவேண்டும். சண்டை வேண்டாம், மாதக் கடைசியில் அவரையே கூட்டச் சொல்லுங்கள். கூட்ட மறுத்தால் நோட்டை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், நான் கூட்டித் தருகிறேன்.